ரத்தம் வந்தால் மட்டும் பிரிக்கலாம்

பல்லைக் கடிக்கிறது பார், திமிர் பிடித்தது, என்று நினைத்துக்கொண்டாள் மங்கையர்க்கரசி. கூடத்துத் தரையில் காலை நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் கெட்டியான குளியல் துண்டு. துணி வைக்காமல் தையல் மிஷினை மிதித்தால் வருமே, அந்தச் சத்தம். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் அடங்கிவிடுகிற உடம்பு, அதற்குள் இத்தனை ஆங்காரம் எங்கிருந்து வருகிறது. அவள் காலுக்கு முன்னால் துவைத்த பழைய போர்வை விரித்திருந்தது, அதைச் சுற்றி அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நிறுத்திய வேலி. வேலிக்குள் ஒரு மூலையில் பல்லைக் கடகடவென்று கடித்தபடி லட்டு, பழுப்பும் வெள்ளையுமாக, இந்த வீட்டில் ஒரு வருஷமாக இருக்கிற கினிப்பன்றி. எதிர் மூலையில் இன்று மதியம் தில்லைநகர்க் கடையிலிருந்து வந்து இறங்கிய புதியது, முழுக்கக் கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைத் திட்டு, அந்தத் திட்டின் நடுவில் அரசி வைத்த சிவப்புப் பொட்டு. புதியது நடுங்கிக்கொண்டிருந்தது. நடுங்காதேடி, இவள் ஒன்றும் உன்னை விழுங்கிவிட மாட்டாள், வீட்டுக்காரி என்கிற மிதப்பு, அவ்வளவுதான், என்று வாய்வரை வந்ததை அரசி அடக்கிக்கொண்டாள். பேசக்கூடாது, கையை உள்ளே விடக்கூடாது, சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதெல்லாம் மகள் நித்திலா போட்ட சட்டம். ரத்தம் வந்தா மட்டும்தான்மா பிரிக்கணும், மத்தபடி துரத்தினாலும் ஏறி மிதிச்சாலும் நீ உள்ள போகாத, அதுங்களுக்குள்ள ஒரு பேச்சு இருக்கு, அது முடியணும். சும்மா பார்த்துக்கொண்டிருப்பது அரசிக்குக் கைவராத வித்தை. மின்வாரிய வசூல் கவுண்டரில் ஆயுசைக் கழித்தவள் அவள், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வரிசையில் யாராவது யாரையாவது இடித்தாலே எழுந்து நின்று சத்தம் போட்டுப் பழகியவள். வரிசையில வாங்க சார், உங்களுக்கு மட்டும் தனி கரண்டா வருது, என்று கேட்டால் மீசை வைத்த ஆம்பிளைகள் பின்வாங்குவார்கள். இப்போது இந்த உருளைக்கிழங்கு அளவு சமாச்சாரத்தின் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. சாயந்திரத்துக்குள் நித்திலா வீடியோவில் கூப்பிடுவாள், ஞாயிற்றுக்கிழமை வழக்கம்.

பின்பால்கனியில் இன்னாசிமுத்து கம்பி வலை நறுக்கிக்கொண்டிருந்தார். நறுக், நறுக், கொஞ்சம் நிறுத்தம், மறுபடி நறுக். இரண்டுக்கும் சேர்த்துப் பெரிய கூண்டு. அதே வாரியத்தில் நாளெல்லாம் கம்பத்தில் ஏறி இறங்கின மனிதர், லைன்மேனாகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர், கையில் ஒரு வேலை கொடுக்காவிட்டால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டே இருப்பார். கடைக்குப் போய்ப் புதியதை வாங்கிவந்ததும் அவர்தான். ஸ்கூட்டரின் முன்னால் ஒயர்கூடையில் வைத்துக் குளிர்க்காற்று படாமல் தன் கைக்குட்டையால் மூடிக் கொண்டுவந்திருந்தார். கடைக்காரன் ஜோடி போடத்தானே சார், ஆண் தர்றேன், வருஷத்துக்கு எத்தனை ஈத்து போடும் தெரியுமா என்றானாம். இல்லப்பா, பொட்டைதான் வேணும், அங்க இருக்கறதும் பொட்டை என்றாராம் இவர். அப்ப எதுக்கு சார் ரெண்டாவது என்று கேட்டானாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அரசிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கடைக்காரன் கேட்டதைத்தான் ஊரே கேட்கும், பக்கத்து பிளாட் கேட்கும், பூக்காரி கேட்கும், வாயைத் திறந்து கேட்காமல் கண்ணால் கேட்கும். அப்ப எதுக்கு. இந்த வயசுல எதுக்கு. குட்டி போடுவதற்கு இல்லையென்றால் பக்கத்தில் ஒரு உயிர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது, சொன்னாலும் ஏறுமா. நித்திலாவே அன்றைக்கு அழகாகச் சொன்னாளே, ஆணோ பெண்ணோ முக்கியம் இல்லம்மா, கூட ஒண்ணு மூச்சு விடணும், அது போதும் அதுக்கு. லட்டுவைப் பற்றித்தான் சொன்னாள். வேறு யாரைப் பற்றிச் சொல்லப்போகிறாள்.

லட்டு ஓரடி முன்னால் வைத்தது. அரசி துண்டை இறுக்கிப் பிடித்தாள். பூந்தி இருந்தவரைக்கும் இது இப்படியா இருந்தது. லட்டு, பூந்தி, இரண்டுக்கும் பேர் வைத்தவள் பேத்தி மகிழ். பெங்களூரில் இருந்தபோது பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள், சூரிச்சுக்கு மாற்றல் வந்ததும் கொண்டுபோக வழியில்லை என்று காரில் ஏற்றிக்கொண்டுவந்து அம்மா வீட்டில் இறக்கிவிட்டுப் போனார்கள். எலியெல்லாம் நான் வளக்க மாட்டேன் என்று அரசி ஒரு முழு நாள் கத்தினாள். அம்மா, இது எலி இல்ல, கினி பிக் என்றாள் நித்திலா. பன்றி என்றால் மட்டும் என்ன வாழ்கிறதாம். ஆனால் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது மகிழ் கூண்டின் கம்பிக்குள் மூக்கை விட்டு அழுத அழுகையைப் பார்த்த பிறகு என்ன செய்ய முடியும். அப்புறம் என்ன, காலையில் பால் பாக்கெட்டை வெட்டும் சத்தம் கேட்டாலே இரண்டும் சேர்ந்து வீக் வீக் என்று கூப்பாடு போடும், கொத்தமல்லிக் கட்டைக் காட்டினால் நின்ற இடத்திலேயே எண்ணெயில் விழுந்த கடுகு மாதிரி துள்ளும். சிரிக்க ஆள் கிடைத்தது போல இருந்தது. போன மாசம் ஒரு காலையில் பூந்தி விறைத்துக் கிடந்தது. லட்டு அதன் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது. அன்றையிலிருந்து அது மூலையைவிட்டு அசையவில்லை, கொத்தமல்லியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது, பால் பாக்கெட் சத்தத்துக்குக் குரல் வரவில்லை. செய்தி கேட்டு மகிழ் அழுதாள், நித்திலா துடித்துப்போனாள். உண்மையிலேயே துடித்துப்போனாள், அதைக் குறை சொல்லக்கூடாது. ஆபீசில் லீவு போட்டுவிட்டு இணையத்தில் தேடித்தேடிப் படித்தாள். அம்மா, இந்த ஊர்ல கினி பிக்கைத் தனியா வெச்சிருந்தா சட்டப்படி குத்தம், தெரியுமா, கொடுமைல சேத்துட்டாங்க, அதுங்க தனியா இருந்தா மனசு ஒடிஞ்சு செத்துடும்மா, பேச ஆள் இல்லாம எப்படிம்மா ஒரு உயிர் இருக்கும். சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அரசி ஃபோனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது இவளுக்குச் சுருக்கென்று ஒன்று தைத்தது, அது இன்றுவரை எடுபடவில்லை.

கணவர் சிவானந்தம் போய்ப் பல வருஷம் ஆகிறது. நல்ல மனிதர், யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. குடி கிடையாது, அதட்டல் கிடையாது, சம்பளக் கவர் பிரிக்காமல் வீடு வரும். பேச்சுத்தான் கிடையாது. இருக்கிறபோதும் வீடு ஒரு மாதிரி அமைதியாகத்தான் இருந்தது, போன பிறகு அந்த அமைதிக்குக் காரணம் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான் வித்தியாசம் என்று அரசி யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பாவி என்பார்கள். ஏன் பாவி. அவருக்குக் கஞ்சி ஊட்டினவள் இவள், கடைசி மூச்சில் கையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இவள், அதற்கு மேல் என்ன கணக்கு. இவள் ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்து, எல்லோரும் வடை தின்றுவிட்டுப் போனார்கள். மறுநாள் காலை எழுந்து புடவை கட்டிப் பின் குத்தும்போதுதான் போக இடமில்லை என்பது உறைத்தது. நித்திலா அக்கறையில்லாத பெண்ணா என்றால் இல்லை, அப்படிச் சொன்னால் நாக்கு அழுகும். வாங்கிக் குவித்தாள். தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின், காலுக்கு மசாஜ் மிஷின், கடைசியாக அங்கிருந்து ஒரு பட்டன் அனுப்பினாள், சங்கிலியில் கோத்தது. விழுந்துவிட்டால் அமுக்க வேண்டுமாம், அவளுக்கு மணி அடிக்குமாம், கழுத்துலேயே போட்டுக்கோம்மா, குளிக்கும்போதுகூடக் கழட்டாதே. அரசி அதைச் சமையலறை ஆணியில் இட்லித்துணிக்குப் பக்கத்தில் மாட்டிவைத்தாள். விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம். விழாமல் நின்றுகொண்டிருக்கிறவளுக்கு என்ன பட்டன் இருக்கிறது, அதைக் கண்டுபிடித்து அனுப்பச் சொல்லு. மசாலா டீ போட்டுவிட்டு நன்றாக வந்திருக்கிறதே என்று திரும்பிப் பார்க்கிறாளே ஒருத்தி, அவளுக்கு.

ஓ, பிடித்துவிட்டது. லட்டு குறுக்கே பாய்ந்து புதியதின் இடுப்பில் முட்டியது, புதியது கீச்சென்று கத்திக்கொண்டு வேலியை ஒட்டி ஓடியது, இரண்டும் சுற்றிச் சுற்றி, அட்டை சரிந்தது, அரசி காலால் தாங்கிப் பிடித்தாள். "ரத்தம் வருதாங்க மேடம்?" என்று பால்கனியிலிருந்து குரல். "வரல. நீங்க உங்க வேலையப் பாருங்க." "இல்ல, சத்தம் பலமா இருந்துச்சு." "வந்த மருமகள மாமியார் விசாரிக்குது. உங்க வீட்ல எல்லாம் விசாரிக்க மாட்டாங்களா?" சிரிப்பு. நறுக். அவருடைய சிரிப்பு முதலில் வெளியே வராது, உள்ளேயே கொஞ்ச நேரம் உருண்டுவிட்டு வரும். மேடம் என்று கூப்பிடுவதை இன்னமும் விடவில்லை மனிதர். ஆபீஸ் நாளில் புகார்ச் சீட்டு வாங்க வந்து கவுண்டர் ஓரம் நிற்பார், வணக்கம் மேடம், அவ்வளவுதான் பேச்சு. ஓய்வுக்குப் பிறகு பென்ஷன் விஷயமாகப் பார்த்து, பார்க்கில் நடையில் பார்த்து, அவர் மனைவி போனதற்கு இவள் துக்கம் கேட்டு, அப்புறம் நடை முடிந்ததும் ஒரு காப்பி என்று ஆயிற்று. அரசி எதைச் சொன்னாலும் அப்புறம் என்னாச்சு என்று கேட்பார். இவளுக்கு முதலில் அது கிண்டல் என்றே பட்டது. இல்லை, நிஜமாகவே அவருக்கு அப்புறம் என்னவாயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது. ஒன்றுமில்லாத விஷயம், ரேஷன் கடையில் பருப்பு இல்லை என்று திருப்பி அனுப்பின கதை, அதற்குக்கூட அப்புறம். அரசிக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைப்பதில் என்ன இருக்கிறது, பிடித்திருந்தது. மாதா கோவில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஒரு நாள் அவர் கேட்டார், மேடம், நாம ரெண்டு பேரும் ஒரு வீட்டுல இருந்தா என்ன, முறையா, பதிவு பண்ணிக்கிட்டு. கேட்டுவிட்டுச் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார். பொண்ணுகிட்ட சொல்லிட்டுச் சொல்றேன் என்றாள் இவள். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. சொல்லிட்டு என்றுதான் சொன்னாள், கேட்டுட்டு என்று சொல்லவில்லை, அந்த மட்டில் சரி. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் கேட்கிற மாதிரித்தான் வந்தது. நித்திலா முதலில் ஜோக் என்று நினைத்தாள். அப்புறம் முகம் மாறிற்று. அம்மா, விளையாடுறியா, இவங்க வீட்ல என் மூஞ்சிய எங்க வெச்சுக்கறது, மகிழ்கிட்ட என்னன்னு சொல்லுவேன், வேற மதம் வேற, அதுவும் இந்த வயசுல. அப்புறம் கொஞ்சம் தணிந்து சொன்னாள், அந்தத் தணிவுதான் இன்னும் மோசம், உனக்கு என்னம்மா குறை, பேச்சுத் துணைக்கு லட்டு இருக்குல்ல. அடுத்த வாரம் கூப்பிடறேன், அதுக்குள்ள இத மனசுலேருந்து எடுத்துப் போட்டுடு, இல்லன்னா நான் கூப்பிடறதுல அர்த்தமே இல்ல.

லட்டு இருக்குல்ல. ஒரு வாரமாக இந்த இரண்டு சொல் குக்கரில் மாட்டிக்கொண்ட விசில் மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. லட்டுவுக்குத் துணை வேண்டும், இல்லாவிட்டால் மனசு ஒடிந்து செத்துவிடும். லட்டுவே அம்மாவுக்குத் துணை. அப்படியென்றால் இந்தப் படியில் அம்மா எங்கே நிற்கிறாள், கூண்டுக்குக் கீழே விரிக்கிற காகிதத்திலா. இன்று என்ன சொல்ல வேண்டும் என்று பல் தேய்க்கும்போது ஒரு வசனம் தயாரித்தாள், ஏண்டி, உன் ஊருல பன்னிக்குச் சட்டம் போட்டவன் மனுஷிக்கு ஒரு சட்டம் போடலையா என்று. சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிற வசனத்துக்கு நித்திலா இன்னொரு நல்ல வசனம் வைத்திருப்பாள், இவள் வயிற்றில் பிறந்தவள்தானே, பேச்சில் ஜெயித்துக்கொண்டே போவார்கள் இருவரும், விஷயம் நடுவில் செத்துப்போகும். வேண்டாம். சும்மா சொல்ல வேண்டும். சொன்னால் வைத்துவிடுவாள். வைத்துவிட்டால் அடுத்த ஞாயிறு. அடுத்த ஞாயிறு ஃபோன் மேஜைமேல் கிடக்கும், சாயந்திரம் ஆகும், விளக்கு போட வேண்டியிருக்கும். மகிழின் முன்பல் விழுந்த இடத்தில் புதுப் பல் வந்துகொண்டிருக்கிறது, போன வாரம் பாதி தெரிந்தது, மீதியை யார் காட்டுவார்கள். பொய் சொல்வானேன், பயமாகத்தான் இருந்தது. இன்னாசி சார், வேண்டாம், நடையோடும் காப்பியோடும் இருப்போம் என்று சொல்லிவிட்டால் அவர் சரிங்க மேடம் என்பார். ஒரு மறுவார்த்தை பேச மாட்டார். கூண்டை முடித்துக் கொடுத்துவிட்டுப் போவார். அவர் அப்படிப் போவார் என்பதுதான் அரசிக்குத் தாங்கவில்லை. கவுண்டரில் கத்துகிறவனை அனுப்பிவிடலாம், கத்தாமல் நிற்கிறவனைத்தான் என்ன செய்வது என்று தெரியாது.

மறுபடி முட்டல். இந்த முறை லட்டு புதியதின் முகத்துக்கு நேராகப் போயிற்று, மூக்கை நெற்றிக்குக் கொண்டுபோய், சட்டென்று தலையை உதறிக்கொண்டு பின்வாங்கித் தும்மியது, மறுபடி கடகட. மறுபடியும் கிட்டப் போகிறது, நெற்றிக்கு வந்ததும் உதறல், தும்மல், கோபம். பின்பக்கம் முகரும்போது சும்மாத்தான் இருக்கிறது, முகத்துக்கு வந்தால்தான். அரசி கொஞ்சம் முன்னால் குனிந்தாள். பொட்டு. ஐயோ, இவள் வைத்த பொட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆரத்தித் தண்ணீரைத் தொட்டு, வாசலிலேயே வைத்து, கற்பூரம் வேறு காட்டி. மனுஷ மூக்குக்கே காரமான நெடி, மூக்கை வைத்தே உலகத்தைத் தெரிந்துகொள்கிற ஜென்மத்துக்கு எப்படி இருக்கும். உலகத்தில் எவளாவது கினிப்பன்றிக்கு ஆரத்தி எடுப்பாளா. நித்திலா படித்த அத்தனை பக்கத்திலும் அட்டை வேலி இருந்தது, துண்டு இருந்தது, ஆரத்தி எடுக்காதே என்று ஒருத்தனும் எழுதவில்லை, எழுத அவனுக்குத் தோன்றியிருக்காது. இன்னாசி ஒயர்கூடையோடு படியேறி வந்தபோது, ஒரு நிமிஷம் அங்கேயே நில்லுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடித் தாம்பாளத்தை எடுத்துவந்தாள். அவர் வேதக்காரர், கிறிஸ்தவர், ஆனாலும் திருச்சியில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு ஆரத்தி தெரியாதா. "எதுக்குங்க மேடம், இதுக்குப் போயி?" "புதுசா வீட்டுக்கு வர்ற உசுரு. ஆரத்தி எடுக்காம உள்ள விடமாட்டேன்." "நீங்களா எடுக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். ஆமாம், நானேதான். மூன்று சுற்று சுற்றினாள். எதிர் பிளாட் அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள், மூடட்டும். கூடையைச் சுற்றும்போது கினிப்பன்றி கண்ணில் இல்லை. நித்திலாதான் இருந்தாள், கல்யாணப் பட்டில், மாலையோடு, மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை பக்கத்தில். தட்டு தயாராக இருந்தது, அரசிதான் காலையில் கரைத்துவைத்தது. சிவானந்தம் அப்போதே இல்லை, பெற்றவள் தட்டில் கை வைக்கப் போனாள். யாரும் தடுக்கவில்லை, கூட்டம் ஒரு விநாடி மூச்சைப் பிடித்தது, அவ்வளவுதான். நித்திலாதான் மெதுவாகச் சொன்னாள், அத்தையே எடுக்கட்டும்மா, எதுக்கு வம்பு. எதுக்கு வம்பு என்று அரசியும் தூண் ஓரம் ஒதுங்கினாள். நாத்தனார் ஒருத்தி, நித்திலா பிறந்தபோது எட்டிக்கூடப் பார்க்காதவள், வளையல் குலுங்கச் சுற்றினாள். அன்றைக்கு அழவில்லை. பந்தியைக் கவனித்தாள், மோர் போதவில்லை என்று சமையல்காரனிடம் சண்டை போட்டாள். இன்றைக்கு ஒரு பெருச்சாளிக்குச் சுற்றும்போது அழுகை வந்துவிட்டது, அதை இன்னாசி பார்த்தார், பார்க்காதது போல ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.

ரத்தம் வந்தால் மட்டும்தான் கை வைக்கலாம். வரவில்லைதான். ஆனால் இது நான் வைத்த வம்பு, நான்தான் எடுக்க வேண்டும், நித்திலா சட்டத்தில் இதற்கு இடம் இல்லை என்றால் சட்டத்தைத் திருத்திக்கொள்ளட்டும். அரசி வேலிக்குள் கையைவிட்டுப் புதியதைத் துண்டோடு அள்ளினாள். நெஞ்சு அடித்துக்கொள்வது துண்டு தாண்டி விரலுக்குத் தெரிந்தது. எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. "சார், ஒரு சொம்புல வெதுவெதுப்பா தண்ணி கொண்டாங்க." வந்தார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீரைச் சாய்த்துக்கொடுத்தார், இவள் சேலைத் தலைப்பை நனைத்து நெற்றியைத் துடைத்தாள், சிவப்பு கரைந்து தலைப்பில் ஏறிற்று. முகர்ந்து பார்த்தாள். இன்னும் கொஞ்சம் இருந்தது. மறுபடி துடைத்தாள். "ஆரத்தி எடுத்தது தப்பாப் போச்சுங்களோ" என்றார் இன்னாசி. "எடுத்தது தப்பில்ல. பொட்டு வெச்சதுதான் தப்பு." "அப்ப எனக்கு எடுத்தா பொட்டு வெக்காதீங்க" என்றார், சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுச் சொம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அரசியின் காது சூடாயிற்று. நல்லவேளை முன்னால் இருந்தது ஒரு கினிப்பன்றி மட்டும். லட்டு படுத்து நசுக்கிய பழைய வைக்கோலில் ஒரு பிடி எடுத்துப் புதியதின் முகத்திலும் முதுகிலும் தேய்த்துவிட்டு, வேலிக்குள் இறக்கிவிட்டாள். போ, இனி உங்கள் பாடு.

இந்த முறை லட்டு உடனே வரவில்லை. இருந்த இடத்திலிருந்தே மூக்கை ஆட்டியது. வந்தது. பின்பக்கம் முகர்ந்தது, விலா, கழுத்து, முகம். நெற்றி. உதறவில்லை. ஈரமாக இருந்த இடத்தை முகர்ந்து நின்றது, இடுப்பை ஆட்டிக்கொண்டு உர்ரென்று ஒரு சுற்று நடந்தது, என் வீடு, என் வைக்கோல், தெரிந்ததா என்பது போல. புதியது தலையைத் தாழ்த்திக்கொண்டது. அப்படித் தாழ்த்தாதேடி என்று அரசிக்கு வந்தது, வந்த இடத்தில் வந்த நாளிலேயே தலையைத் தாழ்த்தினால் அதுவே பழகிவிடும், இவளுக்குத் தெரியாததா. ஆனால் இன்னொரு சுற்று வந்தபோது புதியது நகராமல் அங்கேயே உட்கார்ந்துகொண்டு வாயை மேலே தூக்கி ஒரு அதட்டல் போட்டது, குட்டி அதட்டல், லட்டு திகைத்து நின்றது. சபாஷ். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து நடுவில் வைத்தாள். ஒரு மாசமாகக் கொத்தமல்லியைத் தொடாத லட்டு கிட்டே வந்து, ஒரு தண்டைக் கவ்வி இழுத்தது. அதே தண்டின் மறு முனையைப் புதியது கவ்வியது. இரண்டும் இழுக்கவில்லை, இரண்டு பக்கமிருந்தும் தின்றுகொண்டே வந்தன, மூக்கும் மூக்கும் இடித்துக்கொண்டன, ஒன்றும் ஆகவில்லை, அடுத்த தண்டு. அரசி சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்கு இதில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. அப்போது ஃபோன் அடித்தது.

"அம்மா, என்னாச்சு, சண்டை போட்டுச்சுங்களா, ரத்தம் ஏதும்?" நித்திலாவின் முகம் பாதி, பின்னால் ஜன்னல், வெளியே மழை. அரசி ஃபோனில் கேமராவைத் திருப்பி வேலிக்குள் காட்டினாள். அந்தப் பக்கம் ஒரு கூச்சல். "ஐயோ, ஒண்ணா சாப்பிடுதுங்க! மகிழ், ஓடி வா, லட்டுக்கு ஃபிரெண்ட் வந்தாச்சு! அம்மா, கையை ஆட்டாத, கொஞ்சம் கிட்ட காட்டு. எவ்ளோ கறுப்பா இருக்கு செல்லம்!" மகிழ் வந்தாள், பல் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது, பேர் வைக்க வேண்டும் என்று துள்ளிவிட்டு, யோசிக்கப் போகிறேன் என்று ஓடிவிட்டாள். நித்திலா அழுதுகொண்டிருந்தாள், மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "தேங்க்ஸ்மா. எனக்கு ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. பாவம், இனிமே அது தனியா இல்ல. பாரேன், அதோட கண்ணே மாறிடுச்சு." "ம்" என்றாள் அரசி. "சரி," குரல் இறங்கிற்று, "அந்த விஷயம் முடிஞ்சுதுல்லம்மா?" பால்கனியில் நறுக் நின்றது. அரசி ஃபோனில் கேமராவைத் திருப்புகிற அந்த வட்டக் குறியைத் தேடினாள், விரல் முதலில் வேறெங்கோ பட்டது, அப்புறம் சரியாகப் பட்டது, போர்வையும் கொத்தமல்லியும் போய்த் திரையில் அவள் முகம் வந்தது. வியர்த்த முகம், கலைந்த நரைமுடி.

"ஏம்மா திருப்பின, அதுங்கள காட்டு."

"அதுங்கள பாத்தது போதும். இப்ப என்னப் பாரு."

நித்திலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அடுத்த மாசம் ரிஜிஸ்டர் பண்ணிக்கிறோம். நீயும் மகிழும் வந்தா எனக்கு சந்தோஷம். வரலைன்னாலும் பண்ணிக்கிறோம்."

"என்னக் கேக்காம?"

"உன்னக் கேக்கல நித்தி. சொல்றேன். போன வாரம் கேக்கற மாதிரி சொன்னது என் தப்பு."

"நான் வெக்கறேன்மா. என்னால இதப் பேச முடியாது."

"வை. பாத்துட்டு வை." அரசி கழுத்தைத் திருப்பி உரக்கக் கூப்பிட்டாள். "சார், இங்க வாங்க." அவர் கதவோரம் வந்து நின்றார், கையில் வலை வெட்டுகிற கத்தரி, சட்டையெல்லாம் துரு. வர வேண்டுமா என்று கண்ணால் கேட்டார். இவள் தரையில் நகர்ந்து சுவரோரம் இடம் விட்டாள், அந்த இடத்தைக் கையால் தட்டிக் காட்டினாள். அவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். திரையில் இப்போது இரண்டு முகம், அவருடையதில் பாதி வெளியே. அரசி ஃபோனைச் சற்று விலக்கிப் பிடித்தாள், முழுதாக வந்தது. கை வலித்தது, இறக்கவில்லை. நித்திலா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிடுவாள், இதோ, இப்போது, என்று அரசி காத்திருந்தாள். வைத்தால் வைக்கட்டும், அழுதால் அப்புறம் அழுதுகொள்ளலாம், இதை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்வதாக இல்லை. வேலிக்குள் தண்டு கடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நித்திலா ஜன்னலிலிருந்து பார்வையை எடுக்காமலே கேட்டாள், கோபத்தோடுதான் கேட்டாள்.

"அவருக்கு சுகர் இருக்கா?"

"இருக்குங்கம்மா," என்றார் இன்னாசி, ஆஸ்பத்திரியில் பேர் கூப்பிட்டது போலப் பாதி எழுந்து. "மாத்திரைல கட்டுப்பாட்டுல இருக்குங்க."

"எனக்கும்தான் இருக்கு," என்றாள் அரசி. "போன வருஷத்துலேருந்து. அவருக்குத் தெரியும்."